மறைந்துறை வெப்பங் கண்ட பேராசிரியர்

பனிக்கட்டித் துண்டுகள் சிலவற்றை ஒரு பாத்திரத்திலிட்டு, அவற்றினிடையே ஒரு வெப்பமானியைச் செருகி, இளஞ்சூடான ஓர் அறையில் வைத்துப் பார்த்திருப்போமாயின் வியப்புக்குரிய ஒன்றைக் காண்போம். அறையின் வெப்பம் பாத்திரத்தினுள் ஓயாது புகுந்துகொண்டேயிருக்கும். பனிக்கட்டியும் உருகி நீராகிக்கொண்டேயிருக்கும். வெப்பமானியின் இரசமோ நின்ற இடத்திலேயே அசையாது நிற்கும். கட்டியின் கடைசித் துணுக்கும் கரைந்து முடிந்த பின்னரே அது மேலேறத் தொடங்கும். அத்துணை நேரமும் உட்புகுந்த வெப்பம் என்னாயிற்று? இவ்வினாவைத் தெளிவாக எழுப்பி, அளந்து விடை கண்டவர் 18ஆம் நூற்றாண்டிலே ஸ்கொத்லாந்திற் பேராசிரியராக விளங்கிய யோசப் பிளாக் ஆவர். அவர்தம் வரலாற்றையே இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

தமிழாசிரியராகிய நமக்கும் பனிக்கட்டிக்கும் என்ன தொடர்பு எனப் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். அவர் நகைப்பதிலும் நியாயம் உண்டு. நம்மூரிலே நீர் தானாக உறைதலைக் கண்டார் எவருமிலர். தை மாசி மாதங்களில் நுவரெலியாவுக்குச் சென்று, விடியற்காலையிற் புல்நுனி வெண்மையாக உறைந்து கிடப்பதைக் கண்டார் சிலர் இருக்கலாம். ஏனையோர்க்குப் பனிக்கட்டி என்பது மீன்பெட்டியிலும் குளிர்பானக் கடையிலும் காணும் பொருளேயாம். எனினும் பிளாக்கின் வரலாறு பௌதிக ஆசிரியர்க்கு மாத்திரம் உரியதன்று. அவர் தம் வாணாளின் பெரும்பகுதியை வகுப்பறையிற் கழித்தவர். தாம் கண்டவற்றுள் தலையாயதை நூலாக எழுதி வெளியிடாது, மாணாக்கருக்குச் சொல்லி அவ்வளவில் அமைந்தவர். அதனால் விளைந்த நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு.

பிளாக் 1728ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதி பிரான்சு நாட்டுப் போடோ நகரிற் பிறந்தார். தந்தையார் யோன் பிளாக் என்பவர் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த ஸ்கொத்லாந்து மரபினர். போடோவில் திராட்சை மது வாணிபம் நடத்தியவர். தாயாரும் ஸ்கொத்லாந்துக் குடும்பத்தினரே. சட்டநூற் பேரறிஞராகிய மொன்தெஸ்கியூ அவ்வில்லத்துக்கு நண்பராயிருந்தார். மக்கள் பலரைப் பெற்ற அவ்வாணிபர் மைந்தனைப் 12ஆம் வயதிலே கல்வி கற்பதற்காகப் பெல்பாஸ்ற் நகருக்கு அனுப்பினார். பின்னர்ப் பிளாக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் புகுந்தார். ஏதேனும் ஒரு தொழிலைத் தெரிந்துகொள்ளுமாறு தந்தையார் வற்புறுத்தியதால் மருத்துவத்தைத் தெரிந்துகொண்டார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் வில்லியம் கலன். 1747ஆம் ஆண்டிற் கிளாஸ்கோவிலே இரசாயன விரிவுரைகளைத் தொடக்கியவர் அவரே. மருந்து கூட்டுவோருக்குரிய கைவேலை என எண்ணப்பட்ட இரசாயனத்தை இயற்கையை ஆராயும் கலையாக அவர் கற்பித்தார்; பிளாக்கைத் தம் ஆய்வுகூடத்தில் உதவியாளராகவும் ஏற்றுக்கொண்டார். விரைவில் ஆவியாகும் ஈதர் என்னும் திரவத்தைக் காற்றகற்றிய கலத்தினுள் ஆவியாகச் செய்து, அதனாற் பிறக்கும் குளிரைக்கொண்டே அருகிலிருந்த நீரை உறையவைத்தவர் கலன். அந்நிகழ்ச்சியைக் கூறும் அவருடைய கட்டுரை 1756இல் வெளிவந்தது. குளிரும் உறைதலும் பற்றிய நாட்டம் மாணவருக்கு ஆசிரியரிடமிருந்து வந்ததேயாம்.

1752இற் பிளாக் எடின்பரோ நகருக்குச் சென்று, 1754இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சிறுநீர்ப்பையிற் கல்லடைப்பால் வருந்துவோர் அக்காலத்தே மிகப் பலர். அதற்குச் சுண்ணாம்பு நீரை மருந்தாகக் கொடுத்தலைக் குறித்து எடின்பரோப் பேராசிரியரிடையே கடும் வழக்கு நிகழ்ந்தது. பெரியோர் இருவர் பொருதுமிடத்து மாணவன் புகுந்தால் யாது நேரும் என்பதை அறிந்த பிளாக், சுண்ணாம்பை விடுத்து வெண் மகனீசியா என்னும் பொருளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அதனைச் சூடாக்கினால் நிறை குறைந்தது. குறைந்த நிறை எங்கே போயிற்று என்று தராசுகொண்டே தேடிச் சென்றவர், அப்பொருளிற் கட்டுண்டிருந்து சூட்டினால் வெளியேறிய ஒரு வாயுவைக் கண்டறிந்தார். அஃது இன்று நாம் காபனீரொட்சைட்டு என வழங்குவது. சாதாரண காற்றினும் வேறான வாயுக்கள் உள என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. அவ்வாராய்ச்சி 1756இல் அச்சேறியது. காணாமற் போனது அழிந்துவிடவில்லை, எங்கோ இருக்கின்றது எனக் கொண்டு அளந்து தேடும் இம்முறையே பின்னர்ப் பனிக்கட்டியிலும் அவருக்குக் கைகொடுத்தது.

அதே ஆண்டிற் கலன் எடின்பரோவிற் பணியாற்ற, அவரிருந்த இடத்துக்குப் பிளாக் கிளாஸ்கோவிற் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28. அங்கே கழித்த 10 ஆண்டுகளே அவர் வாழ்வின் பொற்காலம்.

வெப்பத்தைப்பற்றி அந்நாள் அறிஞர் கொண்டிருந்த கருத்தை ஈண்டுக் கூறுதல் வேண்டும். பரனைற்று என்பார் செய்த இரச வெப்பமானி எங்கும் பரவியிருந்தது. அவ்வளவையிற் பனிக்கட்டி உருகுவது 32 பாகையில். நீர் கொதிப்பது 212 பாகையில். வெப்பமானி காட்டுவதே ஒரு பொருளிலுள்ள வெப்பம் முழுவதும் என எல்லாரும் நம்பினர். ஆதலின் பனிக்கட்டி 32 பாகையை அடைந்துவிட்டால், அதன்மேற் சிறிதளவு வெப்பம் சேர்ந்தவுடன் அது முழுதும் நீராகிவிடும் என்று கூறினர். அவ்வாறே நீரும் 32 பாகைக்குச் சற்றே கீழிறங்கினால் முழுதும் உறைந்துவிடும் என்றனர். இதை மறுப்பதற்குப் பிளாக்குக்குக் கருவி எதுவும் முதலில் வேண்டியிருக்கவில்லை. ஸ்கொத்லாந்து மலைகளிலே மாரியிற் பெய்த பனி, இளவேனிலில் வெயில் எறித்த பின்னரும் வாரக்கணக்காகக் கிடந்து சிறிது சிறிதாகவே உருகுவதை அந்நாட்டார் எல்லாரும் கண்டவரே. அறிஞர் கூற்று உண்மையாயின், வெப்பம் 32 பாகையைக் கடந்த நாளிலே மலைப்பனி அனைத்தும் ஒருங்கே உருகிப் பெருவெள்ளமாய் ஊர்களை அழித்திருத்தல் வேண்டும். அங்ஙனம் நிகழவில்லை. எல்லாரும் கண்டிருந்தனர், ஆனால் எண்ணியவர் அவர் ஒருவரே.

எண்ணியதை அளந்து காட்டியது 1761ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில். அப்பரிசோதனையைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம். அதனிலும் எளிய பரிசோதனை பௌதிக வரலாற்றில் அரிது. 4 அங்குல விட்டமுள்ள மெல்லிய கண்ணாடிக் குண்டுகள் இரண்டை எடுத்தார். ஒவ்வொன்றிலும் 5 அவுன்சு தூய நீரை இட்டார். ஒன்றிலுள்ள நீரைப் பனித்தூளும் உப்புங் கலந்த கலவையில் வைத்து உறையச் செய்தார். மற்றையதை உறையவிடாது 33 பாகைக்குக் குளிர்வித்தார். பின்னர் இரண்டையும் ஆளரவமற்ற ஒரு பெரிய மண்டபத்திலே சிறிது தூர இடைவெளியில் தொங்கவிட்டார். மண்டபத்துக் காற்று 47 பாகையில் மாறாது நின்றது. தீயில்லை, உலையில்லை, சுற்றியிருந்த காற்றே இரண்டுக்கும் ஒத்த அளவாக வெப்பத்தை ஊட்டியது.

நீரிருந்த குண்டு அரைமணி நேரத்தில் 33 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறிவிட்டது. அஃதாவது 7 பாகை. பனிக்கட்டியிருந்த குண்டோ அதே 40 பாகையை அடைவதற்கு 10½ மணி நேரம் எடுத்தது. காத்திருக்கும் பொறுமையே அப்பரிசோதனையின் பெருஞ்செலவு. பனிக்கட்டிக் குண்டின்கீழ்க் கையை வைத்தால், குளிர்ந்த காற்று இடையறாது கீழ்நோக்கி ஒழுகுவது தெரிந்தது. சுற்றியுள்ள காற்றினின்று அக்குண்டு வெப்பத்தை வாங்கிக்கொண்டேயிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

இனிக் கணக்கு. 10½ மணி என்பது 21 அரைமணி. அரைமணிக்கு 7 பாகை ஏற்றத்தக்க வெப்பம் வீதம், பனிக்கட்டியினுட் புகுந்தது 147 பாகை ஏற்றத்தக்க வெப்பம். அதில், உருகிய நீரை 32இலிருந்து 40க்கு உயர்த்தியது 8 பாகை மட்டுமே. எஞ்சிய 139 பாகைக்குரிய வெப்பம் வெப்பமானிக்குச் சிறிதும் புலப்படாது எங்கோ மறைந்துவிட்டது. அது பனிக்கட்டியை நீராக்குவதிலேயே செலவாயிற்று என்று பிளாக் துணிந்தார். ஒரு வழியாற் கண்டதை மற்றொரு வழியாற் சரிபார்க்காது விடுவது அவர் இயல்பன்று. நிறுத்தெடுத்த பனிக்கட்டியை நிறுத்தெடுத்த வெந்நீரிலிட்டு, கலவையின் இறுதி வெப்பநிலையைக் கண்டு கணித்தபோது 143 பாகை வந்தது. இற்றை நாளில் நுண்ணிய கருவிகளாற் காணும் அளவு ஏறத்தாழ 144. இரண்டு கண்ணாடிக் குண்டும் ஒரு வெப்பமானியும் ஒரு கடிகாரமுங் கொண்டு இத்துணை அணித்தாக வந்தமை எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றது.

அந்த 144 என்னும் எண் நம் வீட்டு வாயிலிலும் வந்து நிற்கின்றது. பலர் அதனை அறியார். குளிரூட்டும் பொறி விற்போர் 1 தொன், 1½ தொன் என்று கூறுவது பொறியின் நிறையன்று. 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அகற்றவல்ல பொறியே 1 தொன் பொறி. ஓர் இறாத்தல் பனிக்கட்டிக்கு 144 பிரித்தானிய வெப்ப அலகு வீதம் கணித்தால் மணிக்கு 12,000 அலகு என வரும்; பொறியின் மேல் ஒட்டிய தாளிலும் அவ்வெண்ணையே காணலாம்.

வெப்பம் என்பது யாது என்ற வினாவிற் பிளாக் அதிகம் தலையிட்டாரல்லர். அஃது ஒரு நுண்ணிய திரவம் என அந்நாளிற் பலரும் கருதினர். அவரும் அக்கருத்தின் பக்கம் சாய்ந்தவராயினும், அளவையைக் கடந்து கற்பனை செய்வதை விரும்பினாரல்லர். இன்று நாம் அறிவது வேறு. பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் அயலிலுள்ள நான்கு மூலக்கூறுகளோடு பிணைந்து, அறுகோண ஒழுங்கிலே இடைவெளி மிக்க கட்டடம்போல நிற்கின்றது. அவ்விடைவெளியினாலேயே பனிக்கட்டி நீரினும் இலேசாகி மிதக்கின்றது. உருகும்போது புகும் சக்தி அக்கட்டடத்தைக் குலைப்பதிற் செலவாகிறதேயன்றி, மூலக்கூறுகளின் இயக்கத்தை மிகுவிப்பதிற் செலவாவதில்லை. வெப்பமானி அளப்பது இயக்கத்தின் மிகுதியையே. ஆதலின் அஃது அசைவதில்லை. 1 கிராம் பனிக்கட்டியை நீராக்க 334 யூல் சக்தி, அஃதாவது 80 கலோரி வேண்டும். அதே வெப்பம் 0 பாகைச் சதமவளவையிலுள்ள 1 கிராம் நீரை 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது. விளக்கம் மாறிற்று, பிளாக் கண்ட அளவு மாறவில்லை.

இங்கே சொல்லாராய்ச்சி ஒன்று குறுக்கிடுவதைத் தமிழாசிரியர் என்னும் முறையில் மாணவர் பொறுத்துக்கொள்வாராக. பிளாக் இட்ட பெயரை நம் பாடநூல்கள் மறைவெப்பம் என மொழிபெயர்த்தன. நல்ல சொல்லே. ஆயினும் தமிழில் உறைதல் என்னும் வினைக்கு இரு பொருள் உண்டு: கட்டியாதல் ஒன்று, தங்கி வாழ்தல் மற்றொன்று. வெப்பம் நீரிலே உறையும் வரையும் நீர் உறையாது. அவ்வெப்பம் குடிபெயர்ந்த பின்னரே நீர் உறையும். பிளாக்கின் கொள்கை முழுவதையும் இவ்வொரு சொல்லின் இரு பொருளிலே அடக்கிவிடலாம் எனத் தோன்றுகின்றது. இத்தலைப்பில் மறைந்துறை வெப்பம் என எழுதியதும் அதுபற்றியே.

உறைதலைப்பற்றியும் அவர் ஆராய்ந்தார். மிகவும் அமைதியாக வைக்கப்பட்ட நீர் 32 பாகைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாது நிற்கும் என்பதையும், அதனைச் சற்றுக் குலுக்கினால் உடனே பனிக்கட்டி தோன்றி, வெப்பமானியும் 32 பாகைக்கு ஏறிவிடும் என்பதையும் பரனைற்று முன்னரே கண்டிருந்தார். குளிர்ந்து உறையும் பொருள் சூடேறுவது எங்ஙனம்? மறைந்திருந்த வெப்பத்தின் ஒரு பகுதி, நீர் கட்டியாகும்போது வெளிப்படுகின்றது என்பதே பிளாக்கின் விடை. அதன் பின்னர் அப்புதிர் புதிராக இருக்கவில்லை.

இத்தொடர்பிற் பாரதநாட்டுச் செய்தி ஒன்றும் வருகின்றது. அலகாபாத்து முதலிய இடங்களில், நீர் உறையும் அளவுக்குக் காற்றுக் குளிராத இரவுகளிலுங்கூடப் பனிக்கட்டி செய்யும் வழக்கம் இருந்தது. ஆழமற்ற பள்ளங்களிலே கரும்புச் சக்கையையோ சோளத் தட்டையையோ பரப்பி, அதன்மேல் சிறு மண்தட்டங்களிற் காய்ச்சி ஆறிய நீரை வார்த்து இரவெல்லாம் வெளியில் வைப்பர். விடியுமுன் தட்டங்களிற் படிந்த கட்டியைத் திரட்டிச் சேமிப்பர். சேர் றொபேட் பாக்கர் என்பார் இம்முறையை எழுத, இலண்டன் வேத்தியற் கழகத்தின் வெளியீட்டில் 1775இல் அது வந்தது. காய்ச்சிய நீர் விரைவில் உறையும் என்பது உண்மையோ என்ற கேள்வி எழுந்தது. பிளாக் காய்ச்சிய நீரையும் காய்ச்சாத நீரையும் கோப்பைகளில் இட்டுத் திறந்த வெளியில் வைத்துப் பார்த்தார். காய்ச்சிய நீரே முதலில் உறையத் தொடங்கியது. ஆனால் காய்ச்சாத நீரைக் கிளறிக்கொண்டிருந்தபோது அதுவும் பின்தங்கவில்லை. கொதித்தபோது இழந்த காற்றை ஆறிய நீர் மீண்டும் உறிஞ்சுவதால் ஓயாத நுண்ணிய அசைவு உண்டாகி, உறைநிலைக்குக் கீழே உறையாது நிற்க விடுவதில்லை என அவர் விளக்கினார். அலகாபாத்துத் தொழிலாளரின் பழக்கத்தை மூடவழக்கம் எனத் தள்ளிவிடாது சோதித்துப் பார்த்தமை அவர் பெருந்தன்மை. இச்சிறு கட்டுரையும் அதே 1775இல் அச்சாயிற்று. நீர் உறைதல்பற்றி அவர் தாமே அச்சிட்டது இதுவே.

பனிக்கட்டிக்கு உண்மையானது நீராவிக்கும் உண்மையாதல் வேண்டுமே என்று எண்ணிய பிளாக், 1762இல் தட்டையான தகரப் பாத்திரங்களிற் சிறிது நீரை வார்த்து, பழுக்கக் காய்ந்த இரும்பு அடுப்பின்மேல் வைத்தார். 50 பாகையிலிருந்த நீர் 4 நிமிடத்திற் கொதிக்கத் தொடங்கியது. முழுதும் ஆவியாக மேலும் 20 நிமிடம் சென்றது. அந்த 20 நிமிடமும் கொதிநீர் 212 பாகையிலேயே நின்றது. 4 நிமிடத்தில் 162 பாகை ஏறினால், 20 நிமிடத்திற் புகுந்தது 810 பாகைக்குரிய வெப்பம். உண்மையளவு ஏறத்தாழ 970. இங்கே அவர் கணக்குக் குறைந்துவிட்டது. ஆயினும் வழி சரியானதே.

அக்காலத்திற் பல்கலைக்கழகத்துக்குக் கருவி செய்து கொடுக்கும் இளைஞர் ஒருவர் அதே வளவிற் கடை வைத்திருந்தார். அவர் யேம்ஸ் உவாற். 1763, 1764ஆம் ஆண்டளவில் நியூகொமன் நீராவி எந்திரத்தின் மாதிரி ஒன்று பழுது பார்க்க அவரிடம் வந்தது. சிறிதளவு ஆவி, தன்னைப்போல் ஆறு மடங்கு நிறையுள்ள குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொணர்வதைக் கண்டு உவாற் திகைத்துப் பிளாக்கிடம் சென்று வினவினார். பிளாக் மறைவெப்பத்தை விளக்கினார். 1765இல் உவாற் ஆவியைத் தனிக்கலத்திற் குளிர்வித்து ஒடுக்கும் உபாயத்தைக் கண்டார். அக்கண்டுபிடிப்புப் பிளாக்கின் கொள்கையிலிருந்தே பிறந்தது எனப் பின்னாளிற் பலர் எழுதினர். உவாற் அதனை அவ்வாறே ஒப்புக்கொண்டாரல்லர். ஆயினும் ஆராயும் முறையையும் கருத்துத் தெளிவையும் பிளாக்கிடம் பெற்றதாக நன்றியோடு கூறினார். இதில் உவாற் சொல்லையே நாம் ஏற்றுக்கொள்கின்றோம். பிளாக் அவருக்குப் பொருளுதவியும் செய்தார். முதலிட வல்லாரிடம் அறிமுகமும் செய்துவைத்தார்.

இனி, முன்னே நாம் குறித்த இழப்புக்கு வருவோம். 1762 ஏப்ரல் 23ஆந் திகதி கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்து அறிஞர் கழகத்திற் பிளாக் தம் பரிசோதனையை வாசித்தார். அதன்பின் ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்தார். அச்சிற் கொடுக்கவில்லை. மாணாக்கர் எழுதிக்கொண்ட குறிப்புக்கள் கைக்குக் கை மாறின, படியெடுத்து விற்கப்பட்டன. 1770இல் இலண்டனிலே யாரோ ஒருவர் அக்குறிப்புக்களைக்கொண்டு ஆசிரியர் பெயரில்லாத சிறுநூல் ஒன்றை அவர் அனுமதியின்றியே வெளியிட்டார். 1772இற் சுவீடன் நாட்டு வில்க்கே என்பார், பனியை வெந்நீரிலிட்டுத் தாமாகவே அதே உண்மையைக் கண்டு, 72 பாகைச் சதமவளவை என்று அச்சிட்டார். 1779இல் அடயர் குறோபோட் என்பார் வெப்பம்பற்றி நூலெழுதினார். கிளாஸ்கோவிற் பரவியிருந்த கருத்துக்கள் பல அதில் இருந்தன. 1783இற் பாரிசு நகரிலே இலவோசியரும் இலப்பிலாசும் உருகும் பனிக்கட்டியின் நிறையைக்கொண்டே வெப்பத்தை அளக்கும் கருவியை அறிவித்தனர். அதன் அடிப்படை பிளாக்கின் கொள்கையேயாம்.

ஏன் எழுதினாரில்லை? அவருடைய உடல் இளமைதொட்டே மெலிந்தது. நெஞ்சிலிருந்து இரத்தம் கக்கும் நோய் அவருக்கு உண்டு. சற்றே மிகையாக உழைத்தாலும் அது தலைகாட்டும். முற்றுப்பெறாத எதனையும் உலகின்முன் வைக்க அவர் மனம் ஒருப்படவில்லை. இவை உண்மையே. அவருடைய நண்பர் இதனை அடக்கம் எனப் போற்றினர். நாம் அவ்வாறு கருதவில்லை. அடக்கம் அவரிடம் இருந்தது. ஆயினும் கிளாஸ்கோவுக்கு வந்து கட்டணம் செலுத்தி வாங்கில் அமர்ந்தார்க்கு மட்டும் கிடைத்த ஓர் உண்மை, ஏனைய உலகத்துக்குப் பல ஆண்டுகள் பிந்தியே கிடைத்தது. சுவீடனில் ஒருவர் அதே பாதையை முதலிலிருந்து மீண்டும் நடக்கவேண்டியதாயிற்று. நல்லாசிரியர் ஒருவரின் குறையை எடுத்துரைப்பது எமக்கு உவப்பன்று. வரலாறு எழுதுவோர்க்கு அது தவிர்க்கவும் இயலாது.

வகுப்பறையில் அவர் எத்தகையவர் என்பதற்குச் சான்று நிரம்ப உண்டு. 1766இல் எடின்பரோவுக்குப் பேராசிரியராகச் சென்றவர், 30 ஆண்டுக்கு மேல் அங்கே கற்பித்தார். மாணாக்கர் தரும் கட்டணமே வருவாய். ஆயினும் கூட்டத்தைக் கவர அவர் எவ்வித வேடிக்கையும் காட்டினாரில்லை. மெல்லிய குரல், ஆனால் கடைசி வாங்கிலும் கேட்கும். அவருடைய இறுதி வகுப்புக்களிலே இருந்து கற்றுப் பின்னர் இங்கிலாந்தின் முதன்மை நீதிபீடத்தை அணிசெய்த புறூம் பிரபு, மூக்கில்லாத பாத்திரத்திலிருந்து கொதிநீரையோ அமிலத்தையோ குறுகிய குழாயினுள் எட்ட நின்று, ஒரு துளியும் சிந்தாது வார்க்கும் அவருடைய கைத்திறனை முதுமையிலும் மறக்கவில்லை. நைதரசனைக் கண்ட தானியல் இறதபோட்டு அவர் மாணவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட மருத்துவர் பெஞ்சமின் இறஷ் அவர் வகுப்பிற் கற்றவர்.

அவர் மணஞ் செய்தாரல்லர். நண்பரே சுற்றம். தத்துவஞானி டேவிட் ஹியூம் 1776இல் நோயுற்றுக் கிடந்தபோது அருகிருந்து மருத்துவம் செய்தார். பொருளியலறிஞர் ஆதம் சிமித் 1790இல் இறக்கும் தறுவாயில், தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடுமாறு பிளாக்கையும் புவியியலறிஞர் யேம்ஸ் ஹற்றனையும் வேண்ட, அவர்கள் அவ்வாறே பல தொகுதிகளைத் தீயிலிட்டனர். எஞ்சியவற்றை இருவருமே பதிப்பித்து 1795இல் வெளியிட்டனர். ஹற்றன் புவியின் தொன்மைபற்றி எழுதிய பெருங்கட்டுரையின் முதற்பகுதி, 1785 மார்ச்சு 7ஆந் திகதி எடின்பரோ வேத்தியற் கழகத்தில் வாசிக்கப்பட்டபோது, நோயுற்றிருந்த நண்பருக்காக எழுந்து நின்று வாசித்தவரும் பிளாக்கே. பிறர் எழுத்துக்கு இத்துணை பாடுபட்டவர் தம் எழுத்துக்கு ஒரு சிறிதும் பாடுபடவில்லை.

இலவோசியரின் புதிய இரசாயனம் வந்தபோது பிளாக்குக்கு 60 வயது. 30 ஆண்டாகத் தாம் கற்பித்த பழைய கொள்கையை விட்டுப் புதியதை ஏற்று, மாணாக்கருக்கும் அதனையே கற்பித்தார். இலவோசியர் அவருக்கு மிக்க பணிவோடு கடிதம் எழுதினார். அவர் 1794இற் கொலைக்களத்தில் உயிரிழந்தார்.

1795இல் தோமஸ் சாள்ஸ் ஹோப் என்பார் துணையாக நியமிக்கப்பட, ஈராண்டுக்குள் பிளாக் வகுப்பினின்றும் ஓய்ந்தார். 1799 டிசெம்பர் 6ஆந் திகதி, 71ஆம் வயதில் உயிர் நீத்தார். உணவு மேசையருகே அமர்ந்திருந்தார். பாற்கிண்ணம் மடிமேல், கைகளால் தாங்கப்பட்டு நிமிர்ந்தே இருந்தது. ஒரு துளியும் சிந்தவில்லை. வேலையாள் அவர் துயில்கின்றார் என எண்ணி அப்பாற் சென்றான் என அவர் நண்பர்கள் எழுதிவைத்தனர். எடின்பரோவில் கிறேபிறையர்ஸ் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற விரிவுரைக் குறிப்புக்கள் ஒழுங்கற்ற தாள்களாய்க் கிடந்தன. பழைய மாணவரும் பின்னர்ப் பேராசிரியருமாகிய யோன் றொபிசன் அவற்றைக் கையேற்றார். அவரும் அப்போது நோயாளர். தாள்களை அடுக்கி, விட்டுப்போன இடங்களைப் பழைய மாணாக்கரின் குறிப்புக்களைக்கொண்டு நிரப்பி, 1803இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டு, அவற்றை யேம்ஸ் உவாற்றுக்குக் காணிக்கையாக்கினார். கிளாஸ்கோ மண்டபத்திலே இரு கண்ணாடிக் குண்டுகள் தொங்கிய அந்த மாரிக்கு 42 ஆண்டு கழிந்த பின்னரே, அப்பரிசோதனை பிளாக்கின் பெயரோடு, அவர்தம் குறிப்புக்களினின்றும் அச்சேறியது.